காரணம்: கல்யாணம்

எங்கள் ஊர்க் காட்டு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவள் அபிராமி. இங்கே சுவிஸிலேயே பிறந்து வனவியல் படித்தவள். தாய் தகப்பன் ஓர்லிகோனில் இருக்கிறார்கள். ஒரு நாள் காலை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், எண்பதுகளிலை எழுதின வண்டுப் புத்தகம் ஒண்டு இருக்குது. காரணம் எண்ட இடத்திலை எல்லாரும் காத்து, பனி, வரட்சி எண்டு எழுதியிருக்கினம். ஒண்டிலை மட்டும் ‘ஹைராட்’ எண்டு கிடக்குது. கல்யாணம். கீழை உங்கடை கையெழுத்து. அது பிழைதானே?”

“பிழையில்லை,” என்றேன்.

“எனக்கு விளங்கேல்லை.”

“வந்து சொல்லுறன்.”

போய்ச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அவள் எனக்கு ஒன்று காட்டினாள். அன்று சொன்னதையும் பிறகு அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆட்கள் நீட்டி முழக்குவார்கள் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கெடுக்க முயற்சிக்கிறேன்.

நான் காட்டுக்கு வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தேன். இங்கே அகதியாக வந்தபோது என்னோடு வந்தவர்கள் எல்லோரும் உணவகக் குசினிகளுக்குப் போனார்கள். என் முறை வந்தபோது குசினியில் இடமில்லை, காட்டில் இருந்தது. முதல் குளிர்காலம் கொப்பு இழுத்தேன். அடுத்த குளிர்காலம் இயந்திர வாளைக் கையில் தந்தார்கள். மூன்றாவதில், மரம் எந்தப் பக்கம் விழும் என்று நான் சொன்னால் அது பெரும்பாலும் அந்தப் பக்கமே விழுந்தது. பயிற்சி அவ்வளவுதான்.

இடம் ஊஸ்டருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு சிற்றூர். காடு அரசாங்கத்தினுடையது அல்ல. ஊரின் பழைய குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கமாக அதை வைத்திருந்தன. சங்கம் என்றால் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும்: ஐந்து பேர் பேசுவார்கள், ஒருவர் எழுதுவார். காட்டில் முக்கால்வாசி ஃபிக்டே மரம். நம்மவர்கள் அதை நத்தார் மரம், அதாவது கிறிஸ்மஸ் மரம், என்பார்கள். வருடம் முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், ஒருவரோடொருவர் கோபித்துக்கொண்டு வரிசையில் நிற்பதுபோல் நிற்கும்.

அந்த மரத்துக்கு எமன் ஒரு பட்டை வண்டு. அரை அரிசி அளவு. பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் குடித்தனம் நடத்தும். ஒரு மரத்தில் போதிய அளவு குடியேறிவிட்டால் மரத்துக்கு மேலே தண்ணீர் போகாது. உச்சி சிவக்கும்போதே மரம் செத்துவிட்டது. அதற்குள் குஞ்சுகள் வளர்ந்து பக்கத்து மரத்துக்குப் பறந்திருக்கும்.

ஆகவே சிவந்த உச்சியைத் தேடிப் பயனில்லை. தேட வேண்டியது தூள். வண்டு துளைக்கும்போது கோப்பித் தூள் போல மண்ணிறத் தூள் கொட்டும். மரத்தடியில், பட்டைச் செதில்களில், சிலந்தி வலையில் அது தங்கும். மழை வந்தால் கழுவிப் போய்விடும். எனவே மழைக்கு முதல் பார்க்க வேண்டும், முழங்காலில் இருந்து பார்க்க வேண்டும், ஒவ்வொரு மரமாகப் பார்க்க வேண்டும். சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை ஊரில் வீட்டுக்கு ஒருவர் வந்து வரிசையாக நின்று காட்டைக் குறுக்கே நடப்பார்கள். பால்காரர், பாதிரியார், தபால் அலுவலகப் பெண், எல்லோரும் மரங்களுக்கு முன்னால் குனிந்து குனிந்து எழும்புவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்தபோது இவர்களும் மரத்தைக் கும்பிடுகிற ஆட்கள்தான் என்று நினைத்து எனக்கு மனம் இளகிப்போனது.

இன்னொரு முறை பொறிமரம். மாசி, பங்குனியில் நல்ல மரங்கள் சிலவற்றை வேண்டுமென்றே வெட்டிப் பட்டையோடு போட்டுவிடுவோம். வெட்டிய மரத்தின் வாசனைக்கு வண்டு ஓடி வரும். உள்ளே போகவிட்டு, குஞ்சுகள் வெள்ளைப் புழுவாக இருக்கும்போது நீண்ட பிடி போட்ட இரும்பால் பட்டையை உரித்துவிட்டால் எல்லாம் காய்ந்து சாகும். புழு மண்ணிறமாகத் தொடங்கிவிட்டால் பட்டையை எரிக்க வேண்டும். உரிக்க மறந்தால் பொறிமரமே வண்டுப் பண்ணை ஆகிவிடும். பொறி நிரம்பி வழிந்தால் வந்த வண்டு திரும்பிப் போகாது, பக்கத்தில் நிற்கிற நல்ல மரத்தில் ஏறும். இந்த வாசகத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

எங்கள் மேலதிகாரி, காட்டுக்குப் பொறுப்பானவர், ஹெர் எக்லி. ஹெர் என்றால் திரு. ஒல்லியான உயரமான மனிதர். சட்டைப் பையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பார். காலை வணக்கம் சொன்னால் பதிலுக்கு முதல் அதைப் பார்ப்பார். நல்ல வேலைக்கு “மோசமில்லை” என்பார். நான் அவரிடம் அதை இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். மற்ற சுவிஸ்காரர்கள் எல்லோரும் என்னை நடா என்று வெட்டிவிட்டார்கள். அவர் மட்டும் கடைசி வரை “ஹெர் நடராசா” என்று முழுதாகச் சொன்னார். மரத்தை வெட்டலாம், பெயரை வெட்டக் கூடாது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். கேட்டதில்லை.

அவர் ஒரு பச்சை மட்டைப் புத்தகம் வைத்திருந்தார். தூளைக் கண்டவர் அன்றே தன் கையால் அதில் எழுத வேண்டும்: இடம், எத்தனை மரம், காரணம், செய்தது என்ன. எங்களோடு ஊவெலி என்று ஒருவர் வேலை செய்தார். இருபது வருட அனுபவம். எனக்கு வாள் பிடிக்கக் காட்டியதும் அவர்தான். தன் களஞ்சியத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த மரக்குற்றிகளை உரிக்காமலே “உரித்தாயிற்று” என்று எழுதிவிட்டார். ஹெர் எக்லி போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

“வண்டு வருவது குற்றமில்லை. புத்தகத்தில் பொய் இருப்பது குற்றம். நாளைக்கு வர வேண்டாம்.”

ஊவெலி அடுத்த நாள் வரவில்லை. அன்று எனக்கு ஹெர் எக்லியில் வந்த பயம் பிறகு போகவேயில்லை.

இனிக் கல்யாணம். மலர் அந்த வருடம் மாசியில் வந்து சேர்ந்தாள். அவளும் அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் கோப்பிலும் இருந்த ஒரே நல்ல கடிதம், நான் ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று ஹெர் எக்லி எழுதித் தந்த கடிதம். வேலை போனால் அந்தக் கடிதம் வெறும் காகிதம்.

சித்திரை முடிவில் நாள் வைத்தோம். ஊர் கொடுத்த இடம், காட்டோரத்தில் இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்தின் மண்டபம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தவர்கள், சுவர் முழுக்கத் துவக்கு மாட்டிய இடத்தில் தாலி கட்ட ஆயத்தமானோம். ஐயர் பேர்ணிலிருந்து வந்தார். வார நாட்களில் ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவுகிறவர். சடங்குகளுக்கு அதிகாரி புனிதம் அக்கா. எங்களுக்கு முதல் வந்து குடியேறியவர்களில் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கம் இருந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. அக்கா சொன்னால் இருந்தது.

“மண்டபத்துக்கு முன்னாலை பந்தல் போடவேணும். கன்னிக்கால் ஊண்டவேணும்,” என்றாள் அக்கா.

கன்னிக்கால் என்பது பந்தலுக்கு முதலில் நடுகிற பச்சைக் கம்பு. ஊரில் முள்முருக்கில் வெட்டுவார்கள். ஊன்றினால் அது தளிர்க்கும், குடும்பமும் தளிர்க்கும் என்பது கணக்கு.

“இங்கை முருக்கு இல்லை, அக்கா.”

“காடு முழுக்க மரம். அதிலை ஒண்டும் உனக்குக் கிடைக்கேல்லையோ?”

ஹெர் எக்லியிடம் கேட்டேன். குளிர்காலத்தில் வெட்டிய மரங்களின் நுனித் துண்டுகள் கிடந்தன. “எடுங்கள்,” என்றார். பிறகு வெப்பமானியைப் பார்த்துவிட்டு, “தோல் உரித்து எடுங்கள்,” என்றார்.

தொடை மொத்தத்தில் நாலு கால், கன்னிக்காலுக்கு ஒரு மெல்லிய கம்பு. உரிக்க இரும்பும் கொண்டு போனேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“என்ன செய்யிறாய்?”

“தோல் உரிக்கிறன்.”

“கல்யாணப் பந்தலுக்கோ? உரிச்ச கட்டை செத்த வீட்டுக்கு. பச்சை மரம் பட்டையோடை நிக்கவேணும். நட்டால் ஒரு மாதத்துக்கு ஆரும் தொடப்படாது.”

எனக்குக் கல்யாணம் மூன்று நாளில். ஹெர் எக்லி ஐந்து கிலோமீற்றரில். அக்கா பக்கத்தில். இரும்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாவிலைக்குப் பதில் யாரோ வீட்டு வேலியில் முறித்த இலை. ஹெர் எக்லியும் வந்திருந்தார். மழை தூறியதால் தலையைக் குனிந்தபடி, பந்தலைப் பார்க்காமல் நேரே உள்ளே போய், வடை இரண்டு சாப்பிட்டு, “மோசமில்லை” என்றார். என் வேலைக்குச் சொன்னதைக் கணக்கெடுத்தால்தான் இரண்டு தடவை, வடைக்குச் சொன்ன இது மலரின் கணக்கு.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, காட்டோரம் என் பார்வையிடும் முறை. மண்டபத்தடிக்கு வந்தபோது கன்னிக்காலில் கட்டிய மஞ்சள் துணிக்குக் கீழே மண்ணிறத் தூள் இருந்தது. சாம்பிராணித் தூள் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதே சரி. கத்தியால் பட்டையில் ஒரு சின்னச் சன்னல் வெட்டினேன். குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. பந்தற்கால் நாலிலும் அதே. நாலும் நிரம்பி வழிந்திருந்தன. நான் வண்டுகளுக்கு அழைப்பிதழ் அடித்து, பந்தல் போட்டு, ஆலாத்தி எடுத்திருக்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பழைய ஃபிக்டே மரங்கள் வரிசையாக நின்றன. சங்கத்துப் பெரியவர்களின் பாட்டன்கள் நட்டவை. முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பந்தலுக்குக் கிட்ட நின்ற மூன்றின் அடியிலும் தூள்.

அங்கே வேறு யாரும் இல்லை. கால்களைப் பிடுங்கி எரித்துவிட்டால் மூன்று மரத்துக்கும் “காற்று” என்று எழுதலாம். பக்கத்தில் ஒரு கொப்புக்கூட முறிந்திருக்கவில்லை, ஆனாலும் காற்று மறுத்துப் பேசாது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னேன்.

“இப்ப என்ன செய்யப் போறியள்?”

“உள்ளதை எழுதினால் வேலை போகும்.”

“எழுதாட்டி?”

“ஆருக்கும் தெரிய வராது.”

“உங்களுக்குத் தெரியும்தானே. இரவிலை நித்திரை கொள்ள மாட்டியள். கட்டில் சின்னன், பேந்து நானும் கொள்ளேலாது.” சோற்றைப் போட்டுத் தந்தாள். “சாப்பிட்டிட்டுப் போய் எழுதுங்கோ.”

“கன்னிக்காலையும் எரிக்கவேணும், மலர்.”

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். வந்து மூன்று மாதம் ஆகவில்லை. கழுத்தில் மஞ்சள் கூடக் காயவில்லை.

“எரிக்கேக்கை நானும் வாறன்,” என்றாள்.

பச்சைப் புத்தகத்தை எடுத்தேன். இடம்: துப்பாக்கி மண்டபம். மரம்: மூன்று, மேலும் கால்கள் ஐந்து. காரணம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. என் ஜெர்மன் அவ்வளவு போதாது. பந்தல், பச்சை மரம், அக்கா, செத்த வீடு, இதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? தெரிந்த ஒரு சொல்லை எழுதினேன். கல்யாணம்.

ஹெர் எக்லி வாசித்தார். சிரிக்கவில்லை. என்னோடு நடந்து வந்து கால்களைப் பார்த்தார், மூன்று மரங்களைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார்.

“தோல் உரிக்கச் சொன்னேனா?”

“சொன்னீர்கள்.”

“கேட்டதா?”

“கேட்டது.”

“நல்லது,” என்றார். “நாளை காலை எரிப்போம். வியாழக்கிழமை சங்கக் கூட்டம். வாருங்கள்.”

அடுத்த நாள் காலை கால்களை எரித்தோம். மலர் சீலை உடுத்து வந்தாள். புனிதம் அக்காவும் வந்தாள். ஒரு மாதம் தொடக் கூடாத கன்னிக்காலைப் பற்றி என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நெருப்புக்குக் குடுக்கிறது குற்றமில்லை. அது ஓமம்,” என்றாள் அக்கா. புதிய சட்டம் அந்த நிமிடமே அமுலுக்கு வந்தது. கற்பூரக் கட்டி ஒன்றை எடுத்துத் தீயில் போடப் போனாள். ஹெர் எக்லி அதை வாங்கி மணந்து பார்த்து, வண்டுக்கு நல்லதில்லை என்று தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். பட்டை வெடித்து எரிந்தது. மலர் கும்பிட்டாள். ஹெர் எக்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது மரியாதையா வெக்கையா என்று எனக்குத் தெரியாது.

“வேர் விட வேண்டும் என்றால் ஏன் ஃபிக்டே எடுத்தீர்கள்?” என்று பிறகு கேட்டார். “ஓடைக்கரையில் வில்லோ மரம் நிற்கிறது. வெட்டி நட்டால் போதும், முளைக்கும். எங்கள் வண்டுக்கும் அது பிடிக்காது.”

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். “இதை முதல்லையே சொல்லியிருக்கலாமே அந்த மனிசன்,” என்றாள்.

வியாழக்கிழமை கூட்டம் பள்ளிக்கூட வகுப்பறையில். பிள்ளைகளின் கதிரைகளில் ஐந்து பெரிய மனிதர்கள். என்னைச் சுவரோரம் இருத்தினார்கள். அவர்கள் பேசியது ஊர்ப் பேச்சு. படுவேகம். எனக்குப் பிடிபட்டது “மூன்று”, “பாட்டன்”, “தமிழர்” என்ற மூன்று சொற்கள்தான். பாட்டன் என்ற சொல் அடிக்கடி வந்தது. தலைவர் மேசையில் விரலால் தட்டினார். மலரிடம் என்ன சொல்வது என்று தமிழில் வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஹெர் எக்லி எழுந்து நின்றார். இரண்டோ மூன்றோ வசனம் சொன்னார். இருந்தார். தலைவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பிறகு எனக்காக மெதுவாகச் சொன்னார்கள். மூன்று மரத்தையும் வெட்ட வேண்டும். நான் என் கையாலேயே உரிக்க வேண்டும், நகமளவு பட்டை மிஞ்சக் கூடாது. இலையுதிர்காலத்தில் அந்த இடத்தில் புதுக் கன்று நட வேண்டும். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கை உயர்த்தி, இனிமேலும் கல்யாணங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இந்த வருடம் இரண்டு என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

மூன்று மரத்தையும் உரிக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. மலர் மத்தியானச் சாப்பாட்டோடு வந்து, பட்டைத் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தீயில் போட்டாள். மற்ற ஒன்பது மரங்களும் தப்பின. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நடந்த தமிழ்க் கல்யாணங்களுக்கெல்லாம் ஹெர் எக்லி வந்து பந்தற்காலைத் தடவிப் பார்ப்பார். தோல் உரித்திருந்தால் காட்டுச் சுத்தியலால் ஒரு முத்திரை அடிப்பார். முத்திரை இல்லாத பந்தலில் அக்கா ஆளை ஏறவிட மாட்டாள். சில வருடங்களில் அதுவும் ஊர் வழக்கம் ஆகிவிட்டது. கன்னிக்காலாக ஊன்றி, பிறகு ஓடைக்கரையில் நட்ட வில்லோக்களில் மூன்று இன்றும் நிற்கின்றன. நட்டவர்களில் ஒரு சோடி பிரிந்துவிட்டது, மரம் நன்றாக இருக்கிறது.

உள்ளதை எழுதியதால்தான் என் வேலை பிழைத்தது என்று என் இரண்டு பிள்ளைகளுக்கும் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் அவர்கள் சின்னப் பொய் சொல்லி அகப்பட்ட நாட்களிலெல்லாம் இந்தக் கதை வரும். அவர்களுக்கு அலுத்துப்போய், “பட்டை வண்டு” என்று நான் தொடங்கினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் அபிராமிக்குச் சொல்லி முடித்தபோது அவள் சிரிக்கவில்லை. இன்னொரு பழைய காகிதத்தை எடுத்து வைத்தாள். சங்கக் கூட்டத்தின் குறிப்பு.

“அங்கிள், இதை நீங்கள் பாத்திருக்கிறியளோ?”

“இல்லை. எனக்கு ஆர் காட்டுறது?”

அவள் தமிழாக்கி வாசித்தாள். “காட்டுப் பொறுப்பாளர் எக்லி தெரிவித்தார்: மரங்களைத் தானே கொடுத்ததாகவும், தோல் உரிக்கும்படி சொல்லத் தான் மறந்துவிட்டதாகவும், தவறு முழுவதும் தன்னுடையது என்றும்.”

மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி வாசித்தாள்.

புத்தகத்தில் ஒரு பொய்க்காக இருபது வருட ஆளை வீட்டுக்கு அனுப்பிய மனிதர். சொன்னேனா, கேட்டதா என்று என்னிடம் இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு போய், சங்கத்துக்கு முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கிறார். பிறகும் பதினொரு வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒரே வண்டியில் போனோம், ஒரே குற்றியில் இருந்து சாப்பிட்டோம். அவருடைய இறுதிச் சடங்கில் முன்வரிசைக்குப் பின்னால் நின்றேன். அத்தனை வருடத்திலும் இதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அபிராமி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல பிள்ளை.

கொஞ்ச நேரம் கழித்து, “அங்கிள், ஒரு பிரச்சினை,” என்றாள். “இந்தக் கணினிப் படிவத்திலை ஒரு கேள்வி வருது. தோல் உரிக்கச் சொல்லப்பட்டதோ, ஆம், இல்லை. கூட்டக் குறிப்பிலை இல்லையெண்டு கிடக்குது. நான் எதைப் போட?”

“ஆம் எண்டு போடு, பிள்ளை.”

“அப்ப காரணம்?”

“கல்யாணம் எண்டே விடு. அதிலை கை வையாதை.”

அவள் ‘ஆம்’ என்ற கட்டத்தை அழுத்தினாள். பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தேன். மலர் அடுப்படியில் நின்றாள். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள், கேட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

“அந்த மனிசனுக்கு நாங்கள் என்ன குடுத்தனாங்கள்?”

யோசித்துப் பார்த்தேன். “ஒவ்வொரு பொங்கலுக்கும் வடை குடுத்தனாங்கள். கடைசி வருசம் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனனாங்கள்.”

“காணாது,” என்றாள்.